அந்தோணியாருக்கு நேர்ந்த வெள்ளிக்கால்

தங்கை இந்திய அணியில் ரக்பி ஆடுவதைப் பார்க்க, எங்கள் ஊர் கருங்கலிலிருந்து அம்மையைக் கூட்டிக்கொண்டு இன்று சென்னைக்கு வந்தேன்.

ஆட்டம் தொடங்கியதுமே நாலு பேர் தங்கை மேல் விழுந்தார்கள். அவர்கள் எழுந்துவிட்டார்கள். அவள் எழவில்லை.

அம்மை என் கையில் நகம் பதியப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தோணியாரே, பிள்ளைக்க காலுக்கு ஒண்ணும் வரப்பிடாது. வெள்ளியில ஒரு கால் செஞ்சு வைக்கேன்."

தங்கை நொண்டிக்கொண்டே எழுந்தாள். அடுத்த நிமிடமே எதிரணிப் பெண் ஒருத்தியைக் காலைப் பிடித்துச் சாய்த்தாள். கூட்டம் கைதட்டியது. அந்தப் பெண்ணை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போனார்கள்.

அம்மை கைதட்டவில்லை.

"மக்கா, அவளுக்க அம்மைக்கு அந்தோணியாரத் தெரியுமோ என்னவோ. ரெண்டு காலா செஞ்சிருவோம்."

நாளைக்கு மூன்று ஆட்டம் இருக்கிறது. ஊரில் இருப்பவர்கள் யாராவது தட்டானிடம் சொல்லி வையுங்கள்.