ஊர் முழுக்க என் இன்ஜின்

புதுச் சாமான் வாங்குகிறவனுக்குக் கடை தெரிந்தால் போதும். பழைய சாமான் தேடுகிறவனுக்கு ஊரில் அத்தனை வீட்டு அடுக்களையும் தெரிய வேண்டும். என்னைப் போல அலைந்து செருப்பைத் தேய்த்தவர்களுக்கு இது புரியும்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் தென்காசியில் பஸ் ஒர்க்‌ஷாப் மெக்கானிக். செங்கோட்டைக்கு மேலே எஸ்டேட் துரை ஒருவர் விட்டுப்போன காரை ஆசைப்பட்டு வாங்கினேன். இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் ‘புளோயர்’ வைத்த கார். மேட்டில் பறக்கும் என்றார்கள். பானட்டைத் திறந்தால் பாதி இன்ஜினைக் காணோம்! கேட்டவர்களுக்கெல்லாம் கழற்றிக் கொடுத்திருக்கிறார் எஸ்டேட் காவல்காரர், புண்ணியவான்.

அதற்குள் பெண் பார்த்த இடத்தில் என் மதினி, “கொழுந்தன்ட்ட சொந்தக் காரு இருக்கு” என்று அள்ளிவிட்டாள். கல்யாணமும் ஆயிற்று. வாசுதேவநல்லூரிலிருந்து மாமனார் கடுதாசி போட்டார்: ‘ஆனி கடைசி ஞாயிறு வருகிறோம். உங்கள் காரிலேயே ஐந்தருவிக்குப் போவோம்.’ உண்மையை என் மனைவி செண்பகத்திடம் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டுச் சொன்னாள்: “அப்பா வர இன்னும் இருவது நாளு கெடக்கு. இங்கன நிக்காதிய, போய்த் தேடுங்க!”

இஞ்சி டீ

காவல்காரர் சொன்ன முதல் அடையாளம், குற்றாலத்தில் மைதீன் பாய் டீக்கடை. போனால், என் கனெக்டிங் ராடை வைத்து அவர் இஞ்சி தட்டிக்கொண்டிருக்கிறார். பிஸ்டனோடு ஓட வேண்டிய ராடு!

கெஞ்சியதும் நல்ல மனுஷன் கொடுத்துவிட்டார். பதிலுக்கு ஒர்க்‌ஷாப்பில் கழித்துப்போட்ட பஸ் ராடு ஒன்றைக் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். அது இரண்டு மடங்கு கனம். மறுவாரம் என்னைக் கண்டதும் கடையிலிருந்தே கத்தினார்: “இதுல தட்டினா இஞ்சியோட பலகையும்லா சட்னியாவுது வே!”

பள்ளிக்கூட மணி

இன்ஜினைச் சீராக ஓட்டும் கனத்த இரும்புச் சக்கரமான ஃபிளைவீல், இலத்தூர் பள்ளிக்கூட வேப்பமரத்தில் மணியாகத் தொங்கியது. ஹெட்மாஸ்டர் கறாரான ஆள். “மணி இல்லாம பள்ளிக்கூடம் எப்படி நடத்துறது?” என்றார். பழைய பஸ் பிரேக் டிரம் ஒன்றைக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு, ஃபிளைவீலைச் சைக்கிள் கேரியரில் வைத்து வந்தேன். வழியெல்லாம் சைக்கிளின் முன்சக்கரம் தூக்கித் தூக்கி அடித்தது.

நாலு நாள் கழித்துச் சந்தையில் அவரைப் பார்த்தேன். திட்டுவார் என்று நினைத்தால் ஒரே சிரிப்பு. “உம்ம டிரம்மு சத்தம் வயக்காடு வரைக்கும் கேக்குதுய்யா. மத்தியானம் மணி அடிச்சா, நடவு நடுத பொம்பளைகளும்லா கரையேறிப் போயிருதாக!”

உலையின் மூச்சு

கடைசியாகப் புளோயர். அது இல்லாவிட்டால் இன்ஜின் உறுமவே உறுமாது. அதைச் செங்கோட்டை ஆறுமுக ஆசாரி தன் கொல்லுலையில் மாட்டி, சைக்கிள் சக்கரத்தால் சுற்றிக் காற்று ஊதிக்கொண்டிருந்தார். பட்டறை முழுக்க அரிவாள்கள் வரிசையில் கிடந்தன. எத்தனை கெஞ்சியும் மசியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்றே நாள். நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, மாமனார் முன்னால் என் மானம் போகப்போகிறது என்றேன். சம்மட்டியைக் கீழே வைத்தார்.

“ஞாயித்துக்கெழம உலை கெடையாது. அன்னைக்கு மட்டும் தாரேன். ஆனா என் சாமான தனியா அனுப்ப மாட்டேன், நானும் வருவேன்!”

ஐந்தருவி

சாரல் தூறிய ஞாயிறு காலை, புளோயரை மாட்டி ஹேண்டிலை ஒரே சுற்றுச் சுற்றியதும் கார் கிளம்பியது. எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. பின்சீட்டில் மாமனார், மாமியார், செண்பகம். முன்சீட்டில் தலைப்பாகையோடு ஆசாரி. ஐந்தருவி மேட்டில் முனகலே இல்லாமல் பறந்தோம்.

“இவரு யாரு மாப்பிள்ளை?” என்றார் மாமனார். நான் வாயைத் திறப்பதற்குள் ஆசாரி திரும்பி, “புளோயர் என்னுது அண்ணாச்சி. ராடு மைதீன் பாயிது. சக்கரம் பள்ளிக்கூடத்து மணி” என்று அத்தனையும் கொட்டிவிட்டார். செண்பகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமனார் வயிறு குலுங்கச் சிரித்தார்: “மாப்பிள்ளைட்ட காரு இருக்குன்னுதான் சொன்னாவ. ஊரே இருக்குன்னு ஒருத்தரும் சொல்லலையே!”

அதற்குப் பிறகு பல வருஷம் எங்கள் கார் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஓடியது. மற்ற ஆறு நாளும் அதன் புளோயர் செங்கோட்டை அரிவாள்களுக்குத்தான் மூச்சு விட்டது.