ஜெசிந்தா வெட்டிய சொல்

ஜெசிந்தா போய்விட்டார். இன்று காலை அவருடைய மகள் அனிற்றா தொலைபேசியில் சொன்னாள்... மாரடைப்பு. வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாராம்.

நான் இந்தப் பக்கத்தில் பதிவு எழுதுவது குறைவு. எழுதினாலும் இரண்டு தரம் வாசித்துவிட்டு அழித்துவிடுவேன். இதை அழிக்கப் போவதில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்காக... டோர்வால் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், பயணிகளுக்கான சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் சமையல்கூடத்தில் வேலை. மற்ற நேரமெல்லாம் நாடகம். எழுதுவதும் அவர், இயக்குவதும் அவர்.

லாசாலில் எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ் அறையில், உடுப்புத் தோய்க்கும் இடத்தில்தான் ஒத்திகை. கூட வேலை செய்யும் நான்கு பெண்கள் நடிப்பார்கள். மெஷின் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று கத்திக் கத்தியே அவர்களுக்குக் குரல் வந்தது.

நான் மூன்றாம் மாடி. ஓய்வுபெற்ற கிளார்க். ஆங்கிலமும் பிரெஞ்சும் எழுதுவேன் என்பதால் படிவம் நிரப்பும் வேலை எனக்கு.

முதல் படிவம் ஒரு கலை நிதிக்கு. வெள்ளையர் அல்லாத கலைஞர்களுக்கு, அதிலும் ‘அண்டர்சேர்வ்ட்’ சமூகங்களில் இருந்து வருகிறவர்களுக்கு என்று போட்டிருந்தது. அந்தச் சொல்லை நான் அவருக்கு வாசித்துக் காட்டி, தமிழில் ‘பின்தங்கிய’ என்று சொன்னேன். யோசித்துத்தான் சொன்னேன்.

ஜெசிந்தா உடுப்பு மடிப்பதை நிறுத்தினார்.

“சேர்வ் எண்டால் பரிமாறுறதெல்லோ அண்ணை? நான் ஒவ்வொரு நாளும் செய்யிற வேலை. பந்தியில இருத்திப்போட்டு என்ர இலைக்கு மட்டும் கறி வரேல்லை எண்டால், நான் பின்தங்கின ஆளோ? பரிமாறினவனைப் போய்க் கேளுங்கோ.”

இத்தனை வருடம் மொழிகளோடு மாரடித்தவன்... எனக்கு அது தோன்றவில்லை.

நிதி கிடைக்கவில்லை. மறுப்புக் கடிதம் வந்த அன்று, நான் எழுதி அனுப்பியதைத் தமிழில் சொல்லிக் காட்டச் சொன்னார். சொன்னேன். நாங்கள் ஒரு சிறிய அமெச்சூர் குழு... பெரிய தகுதி ஏதும் எங்களுக்கு இல்லையாயினும்... தங்கள் மேலான உதவியைத் தாழ்மையுடன் வேண்டி நிற்கிறோம்...

ஊரில் பள்ளிக்கூடத்தில் விண்ணப்பம் எழுதப் பழகிய கை. ஆங்கிலத்தில் எழுதினாலும் அதுதான் வருகிறது.

“அண்ணை, இது விண்ணப்பம் இல்லை. நீங்கள் அவையளுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதியிருக்கிறீங்கள். நாங்கள் என்ன பிழை செய்தனாங்கள்?”

தாழ்மையுடன் என்பது எந்தச் சொல் என்று கேட்டார். விரலால் காட்டினேன். ஐந்து இடம். ஐந்தையும் பேனையால் வெட்டினார், அனுப்பி முடிந்து மறுப்பும் வந்துவிட்ட கடிதத்தில். அந்தப் பிரதி இன்னும் என் ஃபைலில் இருக்கிறது.

அடுத்த வருடம் நேர்முகம் வரைக்கும் கூப்பிட்டார்கள். நான் டை கட்டிக்கொண்டு போனேன். மெற்றோ பிந்திவிடும் என்று பயந்து வெள்ளனவே போய் வாசலில் நின்றோம்.

அதிகாரி நல்ல மனுஷிதான். உங்கள் சமூகத் திருவிழாக்களில் இதைப் போடலாமே, அதற்கு வேறு நிதி இருக்கிறது, சாப்பாட்டுக் கடைகளும் வைத்தால் சனம் வரும் என்றார் சிரித்துக்கொண்டே. நான் ‘மெர்சி மதாம்’ என்று நன்றி சொல்லி எழும்பியே விட்டேன்.

ஜெசிந்தா எழும்பவில்லை. தனக்குத் தெரிந்த வேலைத்தளப் பிரெஞ்சில், சாப்பாடு தான் கிழமையில் ஐந்து நாள் அடுக்குவதாகவும், இங்கே வந்தது நாடகத்துக்கு என்றும் சொன்னார். அந்த மனுஷி சிரிப்பை நிறுத்திவிட்டுக் குறிப்பு எழுதத் தொடங்கினார். நான் மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தேன்.

அந்த முறையும் கிடைக்கவில்லை. ஆனால் அந்த அதிகாரியை அவர் நாடகத்தில் போட்டுவிட்டார். போட்டதோடு நிற்காமல், அந்தப் பாத்திரம் எனக்கு என்றார். மறுத்துப் பார்த்தேன்.

“நீங்கள் நடிக்கத் தேவையில்லை அண்ணை. பயந்துகொண்டு நில்லுங்கோ, அதுவே காணும். ஒபிசர்மாரும் பயந்த ஆக்கள்தான்.”

எனக்கு இரண்டே வசனம். ‘உங்கள் ஃபைல் முழுமையாக இல்லை.’ ‘அடுத்த வருடம் வாருங்கள்.’ தேவாலய மண்டபத்தில் மேடையேறியபோது இரண்டாவதை மறந்துவிட்டேன். அப்படியே நின்றேன்... சனம் சிரிசிரி என்று சிரித்தது. அது நல்லாயிருக்கு என்று சொல்லி, அந்த வசனத்தையும் பிரதியில் வெட்டிவிட்டார்.

இந்த வருடப் படிவத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். பாதிக்கு மேல் நிரப்பியாயிற்று. அவருடைய பெயரில்.

மத்தியானம் நான்கு பெண்களும் என் வீட்டுக்கு வந்தார்கள். அழுதார்கள். இந்த வருடம் விடுவம் என்றார் ஒருவர். இப்படி யாராவது சொன்னால் முதலில் தலையாட்டுகிறவன் நான்.

கமலா, ஜெசிந்தாவுக்குப் பக்கத்து மேசையில் தட்டு அடுக்குகிறவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “ஆரின்ர பேரில போடுறது? நேர்முகத்துக்கு ஆர் போறது?”

“நான் போறன்” என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொழில் என்ற பெட்டியில் ‘ஓய்வுபெற்ற கிளார்க்’ என்று அடித்தேன். அழித்தேன். ‘கலைஞர்’ என்று அடித்தேன். மேடை அனுபவம்... ஒரு நாடகம், ஒரு வசனம். எழுதியவர் என்ற இடத்தில் அவருடைய பெயர் அப்படியே இருக்கிறது, இருக்கும்.

இதை எல்லோரும் பார்க்க எழுதுவதற்குக் காரணம் உண்டு. வெள்ளிக்கிழமைக்குள் எனக்குப் பயம் பிடித்துவிடலாம். அனுப்பினீங்களோ என்று கேளுங்கள். வெட்கமில்லாமல் கேளுங்கள்.

அவருடைய இறுதிப் பூசை சனிக்கிழமை காலை. ஒத்திகை ஞாயிறு, அதே அறையில், மெஷின்கள் ஓட ஓட.

ஜெசிந்தா... படிவத்தை முதல் பக்கத்தில் இருந்து கடைசி வரை இரண்டு தரம் பார்த்துவிட்டேன். நீங்கள் ஐந்து இடத்தில் வெட்டிய அந்தச் சொல் ஒரு இடத்திலும் இல்லை.

போயிட்டு வாங்கோ, தங்கச்சி.