அண்ணன் கை ஓய்ந்துவிட்டதா?

போன ஆவணி முழுக்க எங்கள் தொழிற்சாலையில் ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணனின் கை மெதுவாகிவிட்டதா, இல்லையா?

பிரஸ் ஷாப்பில் தகடு வெட்டும் எந்திரத்தில் நிற்கும் மூத்த ஆபரேட்டரைத்தான் நாங்கள் எல்லோரும் அண்ணன் என்போம். ஓசூர்த் தொழிலாளர்கள் ஆண்டுதோறும் விஜயதசமி அன்று நடத்தும் குத்துச்சண்டையில் ஹெவிவெயிட் பட்டம் பல வருடங்களாக அவரிடம்தான் இருக்கிறது. அந்த எடைக்கு ஆள் கிடைப்பதில்லை, அதனால்தான் ஜெயிக்கிறார் என்று சிலர் சொல்வார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் அதற்கு முந்தைய விஜயதசமியில் மயிரிழையில்தான் ஜெயித்தார். மூன்றாவது சுற்றில் கயிற்றில் சாய்ந்து மூச்சு வாங்கியதை எல்லோரும் பார்த்தோம். வயதும் நாற்பத்தைந்தை நெருங்கிவிட்டது.

அவருடைய எதிராளி பாகலூர்க்காரன். வீட்டில் தெலுங்கு, நண்பர்களிடம் கன்னடம், எங்களிடம் தமிழ் பேசுவான். வேறொரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை. சுற்றுவட்டாரத்தில் அந்த எடைக்கு இவர்கள் இரண்டு பேர்தான் என்பதால், ஆண்டு முழுக்க மத்திகிரியில் ஒரு தகரக் கொட்டகையில் சேர்ந்தே பயிற்சி செய்வார்கள். ஒருவர் குத்தினால் மற்றவர் உள்ளங்கைப் பேடில் வாங்கிக்கொள்வார். விஜயதசமி அன்று மட்டும் எதிரிகள்.

ஆயுத பூஜையில் எங்கள் ஸ்பேனர், மைக்ரோமீட்டருக்குப் பக்கத்தில் அண்ணனின் கிளவுஸும் சந்தனம் குங்குமத்தோடு இருக்கும். பூஜையில் வைத்ததை மறுநாள் எடுத்துத்தான் ரிங்கில் இறங்குவார். இந்த முறை கிளவுஸ் பூஜைக்கு வருமா என்பது அண்ணியின் கையில் இருந்தது. ஒரு ஞாயிறு காலை, ராகி தோசை போட்டுக்கொண்டே என்னிடம் அவர் நிபந்தனையைச் சொன்னார்.

"தம்பி, உங்க வேலையே எல்லாத்துக்கும் நேரம் பாக்கறதுதானே? இவருக்கும் பாத்துச் சொல்லுங்க. கை ஓடலைன்னா கிளவுஸ் பரண்லயே கெடக்கட்டும். அடி வாங்கி மூஞ்சி வீங்கி வந்து நிக்கறத இனிமே என்னால பாக்க முடியாது."

அண்ணன் தட்டிலிருந்து நிமிரவில்லை. "தம்பி சொன்னா சரி. எனக்காகப் பொய் மட்டும் சொல்லாத."

நான் தொழிற்சாலையில் டைம் ஸ்டடி பார்க்கிறவன். ஒரு வேலைக்கு எத்தனை நொடி ஆகிறது என்று ஸ்டாப்வாட்சும் கையுமாக ஆபரேட்டர் பக்கத்தில் நிற்பேன். நான் எழுதும் நேரத்தை வைத்துத்தான் அவர்களுடைய டார்கெட் முடிவாகும். அண்ணி இதைச் சொன்னது ஆவணியில்தான். புரட்டாசி என்று அண்ணன் இன்றும் சாதிக்கிறார். அவர் சொல்வது தவறு, அவர் வீட்டுக்கு எதிரே அப்போதுதான் பிள்ளையார் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு கொட்டகைக்குப் போனேன். அண்ணன் குத்தினார், பாகலூர்க்காரன் பேட் பிடித்தான், நான் வாட்சை அழுத்தினேன். முந்தைய ஆண்டு வீடியோவில் கணக்கிட்ட வேகத்தைவிடக் குறைவு. சரி, அன்றைக்கு உடம்பு சரியில்லையோ என்று மறு ஞாயிறும் போனேன். அதே வேகம், ஒரு குத்துக்கும் அடுத்த குத்துக்கும் இம்மி வித்தியாசமில்லை. பழைய வீரர்களைப் பற்றிப் புத்தகங்களில் நிறையப் படித்திருக்கிறேன். களைத்தவனின் கை ஒரு குத்தில் தொங்கும், அடுத்ததில் விழித்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அன்று அது நினைவுக்கு வரவில்லை.

"கை கொறஞ்சிருக்குண்ணா" என்றேன்.

அண்ணன் கிளவுஸின் நாடாவைப் பல்லால் இழுத்து அவிழ்த்தார். "சரி. இந்த வருசம் இவனுக்கு பேட் புடிக்கறேன்." பிரஸ் ஷாப்பில் அந்த வாரம் யாருமே சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

மூன்றாவது ஞாயிறும் போனேன். அளக்க அல்ல, மனசு கேட்கவில்லை. பாகலூர்க்காரன் கைகளில் பேடை மாட்டிக்கொண்டு, "சும்மா கைக்கு நாலு போடுங்கண்ணா. ரிட்டயர்டு பார்ட்டிக்கும் எக்சர்சைஸ் வேணும்ல" என்று சீண்டினான். "பேகா, அண்ணா, பேகா" என்று கன்னடத்தில் சீக்கிரம் சீக்கிரம் என அவசரப்படுத்தவும் செய்தான்.

அண்ணன் சிரித்துக்கொண்டே ஒன்று விட்டார். எனக்குக் கை தெரியவில்லை, சத்தம்தான் கேட்டது. பாகலூர்க்காரன் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணா, இத இத்தன நாளா எங்க வச்சிருந்தீங்க?"

என் கை தானாகப் பையிலிருந்து வாட்சை எடுத்துவிட்டது. "இன்னொரு தடவை அதே மாதிரி போடுங்கண்ணா."

பாகலூர்க்காரன் தரையிலிருந்தே பேடை உயர்த்திப் பிடிக்க, அண்ணன் போட்டார். போன ஞாயிறு பார்த்த அதே மந்த வேகம், அதே ஒழுங்கு. டம், டம், டம். தகடு வெட்டும் எந்திரத்தின் தாளம்.

பாகலூர்க்காரன்தான் முதலில் கண்டுபிடித்தான். தரையில் உட்கார்ந்தபடியே விழுந்து விழுந்து சிரித்தான். "சார், அத உள்ள வைங்க சார். எங்க லைன்லயும் இதே கததான். டைம் ஸ்டடி ஆள் வந்து நின்னா மிசினே தூங்கும்."

வாட்சைப் பைக்குள் போட்டேன். அண்ணனின் கை பறந்தது. வெளியே எடுத்தேன். அடங்கியது. சுவிட்சைப் போட்டு அணைப்பது போல இருந்தது. வேகமாகச் செய்து காட்டினால் டார்கெட்டை ஏற்றிவிடுவார்கள் என்று எந்த ஆபரேட்டருக்கும் தெரியும். அதனால் வாட்சைக் கண்டால் நிதானமாகத்தான் செய்வார்கள். இது எனக்கும் தெரியும், பிழைப்பே அதை வைத்துத்தான். குத்துச்சண்டைக்கும் அது வரும் என்று மட்டும் தோன்றவில்லை.

அண்ணன் தன் கையையே புரட்டிப் பார்த்தார். "சத்தியமா வேணும்னு செய்யல தம்பி. வாட்ச பாத்தா கை தானா அடங்குது. இருபது வருசப் பழக்கம்."

விஷயத்தைக் கேட்ட அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். "நல்லா அளந்தீங்க போங்க. நானே வந்து பாக்கறேன்." மறு ஞாயிறு ஆட்டோவில் வந்து, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் பார்த்தார். எழுந்து போகும்போது சொன்னார்: "கை பரவால்ல. கால்தான் கனமா இருக்கு. நடுவுல நின்னே ஆடுங்க, அவன் உங்கள சுத்தி வரட்டும்." கிளவுஸ் பூஜைக்கு வந்தது. என் ஸ்டாப்வாட்சுக்கும் அதன் பக்கத்தில் ஒரு பொட்டு.

விஜயதசமி அன்று வேறொரு சிக்கல். சுற்றுக்கு நேரம் பார்க்க என்னைத்தான் ரிங் ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள். அண்ணி பின்னாலிருந்து ஒரு துண்டை நீட்டினார். வாட்சை மடியில் வைத்து அதன்மேல் துண்டைப் போட்டேன். நேரம் பார்க்க மட்டும் ஓரத்தைத் தூக்கிக்கொள்வேன்.

இரண்டு சுற்று அண்ணன் ரிங்கின் நடுவில் வேர் விட்டவர் போல நின்று ஆடினார். மூன்றாவதில் மூச்சு வாங்கியது, கால் நகரவில்லை, ஆனால் கை ஓயவில்லை. வாங்கிய அடி தாங்காமல் பாகலூர்க்காரன் கயிற்றோரம் வந்து, வாயில் மாட்டிய பல் கார்டோடு என்னைப் பார்த்துக் குழறினான்: "சார், துண்ட எடுங்க சார். வாட்ச காட்டுங்க."

ரெஃப்ரி உட்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அண்ணன் மட்டும் என் பக்கம் திரும்பவில்லை. பாயின்ட்டில் ஜெயித்தார், இந்த முறையும் அதிக வித்தியாசமில்லை.

இறங்கி வந்தவரின் முகத்தை அண்ணி தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீக்கம் இல்லை. "அடுத்த வருசமும் நான்தான் பாத்துச் சொல்லுவேன்" என்றார்.

விடுமுறை முடிந்து வேலை தொடங்கிய அன்று, தகடு வெட்டும் புது டை அச்சு ஒன்றுக்கு நேரம் எடுக்க அண்ணனின் எந்திரத்துக்குப் போனேன். வாட்சை எடுத்ததும் கை அடங்கியது. டம், டம், டம். அண்ணன் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். வாட்ச் காட்டிய நேரத்தையே எழுதிக்கொண்டு வந்தேன்.