கோதுமை ஆகாத குடல்களுக்கு ஒரு சங்கம்

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆட்களைத் துரத்திப் பிடித்து சோதனைக்கு ரத்தம் கொடுக்க வைப்பதுதான், மில் சங்கத்தை விட்ட பிறகு எனக்கு வாய்த்த வேலை. சீலியாக் நோய்க்காரர்கள் நாம். தோழர்களே, நமக்கு நேர்ந்த அநீதிகளை வரிசை மாறாமல் சொல்கிறேன். முதலில் வயிற்றில் பூச்சி என்றார்கள். அடுத்து ரத்தம் குறைவு என்று இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாவதாக, எல்லாம் மனக்கவலை என்றார்கள். கடைசியில் நோய் இன்னதென்று தெரிந்ததும், சோறு தின்கிற ஊரில் கோதுமை வியாதியா என்று சிரித்தார்கள்.

பரோட்டாக் கடை

சுந்தரபாண்டியத்து முருகேசன் பட்டாளத்தில் இருந்தவர். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் பரோட்டாவும் கையுமாகப் பிடித்தேன். கொஞ்சமும் அசரவில்லை.

"அண்ணாச்சி, ரத்தம் எடுக்கதுக்கு இன்னும் நாலு மாசம் கெடக்கு. அதுக்குள்ள அது மறந்துரும்."

அடுப்படிச் சோதனை

சேத்தூர் பொன்னுத்தாயி அப்படியில்லை. கோதுமை, மைதா, ரவை எதையும் தொடமாட்டாள். ஆனாலும் இரண்டு முறையும் ரத்தத்தில் நோய் காட்டும் அளவு இறங்கவில்லை. மூன்றாவது முறையும் இறங்காவிட்டால் மதுரைக்குப் போய்த் திரும்பவும் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கவேண்டும் என்றார் டாக்டர். அவளுக்கு அந்தக் குழாயை நினைத்தாலே நடுக்கம். திருட்டுத் தீனிதான் என்று நான் முடிவு கட்டி, வீட்டுக்கே போய் டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்தேன்.

"நல்லாத் தேடுங்க அண்ணாச்சி. பன்னு கின்னு ஆப்புட்டா எனக்கும் பாதி குடுங்க, தின்னு எம்புட்டு நாளாச்சு!"

விசாரணை

நர்ஸ் கலைவாணி வேறு வழியில் போனாள். சமையலுக்குப் போடும் அத்தனை பாக்கெட்டையும் பையில் கொண்டுவரச் சொல்லி, பொடி எழுத்தை வரி வரியாகப் படித்தாள். பெருங்காய டப்பாவில் அகப்பட்டது: கோதுமை மாவு சேர்ந்த கூட்டுப் பெருங்காயம். தினமும் சாம்பாரிலும் ரசத்திலும் போயிருக்கிறது. பொன்னுத்தாயி அதை நிறுத்தினாள், மூன்றாவது சோதனையில் அளவு இறங்கியது. மதுரைப் பயணம் ரத்து.

எனக்கு ரத்தம் கொதித்தது. எல்லாரையும் ஆஸ்பத்திரி வராந்தாவில் கூட்டி, "பெருங்காயம் போடலாம் என்று இவளுக்குச் சொன்னவன் எவன்? பெயரை எல்லார் சாட்சியாகவும் வாசிக்கவேண்டும்" என்று முழங்கினேன். பொன்னுத்தாயி தயங்கித் தயங்கி, பர்ஸிலிருந்து நாலாக மடித்த நோட்டீஸ் ஒன்றை எடுத்து நீட்டினாள். கலைவாணி எழுந்து நின்று உரக்க வாசித்தாள்.

"அரிசி, உளுந்து, பெருங்காயம் ஆகியவற்றை அச்சமின்றி உண்ணலாம். இப்படிக்கு, அமைப்பாளர் சு. வேலுச்சாமி."

எத்தனையோ முதலாளிகளின் பெயரை மைக் வைத்து வாசித்திருக்கிறேன். மைக் இல்லாமலே இவ்வளவு தெளிவாகக் கேட்ட பெயர் என்னுடையது ஒன்றுதான்.