இரண்டாவது அம்பு

திருப்பதி அருங்காட்சியகத்தில், கண்ணாடிக்குள் ஒரு பழைய பட்டாளத் துப்பாக்கி. அதன் கட்டையில் குத்தியிருந்த சிறு அம்புக்குறியைப் பார்த்ததும், கூட வந்த மகளைக் கைபிடித்து நிறுத்தினேன்.

என் சின்ன வயதில், எங்கள் நகரி ஆந்திராவுக்கா சென்னை மாநிலத்துக்கா என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்த காலம். போலீஸ் வீடுவீடாகத் துப்பாக்கி தேடியது. என் அப்பா, நைனாவிடம் ஒன்று இருந்தது. பட்டாளத்தில் கழித்து ஏலம் விட்டது. கடலைக்காட்டுக் காவலுக்கு வாங்கியிருந்தார்.

"கெணத்துல போட்டுட்டு வா" என்று அம்மா கெஞ்சினாள்.

"நான் இன்னா திருடனா?" என்றார் நைனா.

வந்த இன்ஸ்பெக்டர் அம்புக்குறியைத் தடவினார். "இதி சர்க்காரு துப்பாக்கி. எங்க திருடின?" என்றார் பாதித் தெலுங்கில்.

நைனா அழுக்கைத் துடைத்து, அந்த அம்பின் முனையோடு முட்டி நின்ற இன்னோர் அம்பைக் காட்டினார். "ஒரு அம்பு இருந்தா சர்க்காருது சார். எதுத்தாப்புல இன்னொண்ணு குத்தினா வித்துட்டாங்கன்னு அர்த்தம்."

"சித்தூர்ல வந்து சொல்லு" என்று நைனாவையும் துப்பாக்கியையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார் இன்ஸ்பெக்டர்.

அம்மா உலை வைக்கவில்லை. வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். அவள் முந்தானையைப் பிடித்தபடி நானும் நடந்தேன். ஒவ்வொரு பஸ்ஸும் யார் யாரையோ இறக்கிவிட்டுப் போனது.

மறுநாள் மதியம் நைனா வெறுங்கையோடு இறங்கினார். "பெரிய ஆபீசரு அம்பப் பாத்து ஒத்துக்கினாரு. கலாட்டா அடங்கினதும் வந்து துப்பாக்கிய எடுத்துக்கினு போன்னாரு."

"அது அங்கியே கெடக்கட்டும்" என்ற அம்மா, அவர் கையை என் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினாள்.

மகளிடம் இதைச் சொன்னேன். "அப்புறம் அந்தத் துப்பாக்கி என்ன ஆச்சு?" என்றாள்.

தெரியாது. எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.