வாய்க்கால் கரையில் மருந்தடிக்க மறுத்த மேஸ்திரி

போன செவ்வாய்க்கிழமை மதியம் திருபுவனை நிறுத்தத்தில் பேருந்துக்காக நின்றிருந்தேன். எங்கள் பழைய அலுவலகத்தில் கொசுமருந்து அடிக்கும் பணியாளராக இருந்த வீராசாமி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். தூரத்திலிருந்தே குரல் கொடுக்கிறவர், அன்று பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் வாய் திறந்தார்.

"மேஸ்திரி பூட்டாரும்மா. காலைல. நெஞ்சு அடைக்குதுன்னாராம், தண்ணி கேட்டாராம். கொண்டாந்து குடுக்கறதுக்குள்ள முடிஞ்சிடுச்சாம்."

எந்த மேஸ்திரி என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் ஒரே மேஸ்திரிதான்.

சவரிமுத்து அவர்கள் பண்டசோழநல்லூர்க்காரர். புதுச்சேரிப் பக்கத்துப் பஞ்சாயத்தான கொம்யூனின் அலுவலகத்தைப் பெரியவர்கள் 'மேரி' என்று பிரெஞ்சுப் பெயரால் அழைத்துக்கொண்டிருந்த காலத்திலேயே வேலையில் சேர்ந்து, சுகாதார மேஸ்திரியாகவே ஓய்வு பெற்றவர். நான் அங்கே தட்டச்சராக இருந்தேன். எந்தக் கொம்யூன் என்று எழுதப்போவதில்லை. அன்று அங்கே இருந்தவர்கள் பலர் இன்றும் பணியில் இருக்கிறார்கள். அவர்களைச் சங்கடப்படுத்துவது மேஸ்திரிக்குப் பிடிக்காது.

அவர் உயரமானவர், குறைவாகப் பேசுகிறவர். காக்கிச் சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டிருப்பார். சாக்கடை, குப்பை, கொசு மூன்றும் அவர் பொறுப்பு. முதல் இரண்டையும் கடமையாகச் செய்தார். மூன்றாவதில் மட்டும் ஒரு வெறி இருந்தது. அவருடைய மூத்த மகள் மூன்று வயதில் குளிர்காய்ச்சலில் இறந்துபோனவள். இதை அவர் என்னிடம் சொன்னதில்லை, அலுவலகத்தில் மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

வீட்டுச் சுவர்களுக்கும் சாக்கடைகளுக்கும் மருந்தடிப்பதுதான் விதி. அவர் அதோடு நிறுத்தவில்லை. பகலில் கொசு புதரில்தான் ஒண்டுகிறது என்று சொல்லி, வேலி, வாய்க்கால் கரை, குட்டையோரம் என்று பச்சை தெரிந்த இடமெல்லாம் அடிக்கச் செய்தார். விடிந்ததும் நான்கு பேர் கைப்பம்போடு கிளம்புவார்கள். மருந்து மீதமிருந்தால் மறுபடியும் ஒரு சுற்று. இரண்டு ஆண்டுகள் இப்படி நடந்தது. ஆணையர் ஒரு கூட்டத்தில் அவரைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். அந்தப் பாராட்டை நான்தான் தட்டச்சு செய்தேன்.

மூன்றாம் ஆண்டு, தை கழிந்து ஒரு நாள், ருக்குமணி அம்மாள் அலுவலகத்துக்கு வந்தார். வாய்க்கால் ஓரத்தில் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, பரங்கியும் பீர்க்கும் போட்டுப் பிழைத்தவர். கணவர் இல்லை. இடுப்பில் கூடை இருந்தது. யாரையும் கேட்காமல் நேரே மேஸ்திரியின் மேசைக்குப் போய்க் கூடையைக் கவிழ்த்தார். கட்டைவிரல் அளவில் மஞ்சளாக வெம்பிப்போன பரங்கிப் பிஞ்சுகள் மேசை முழுக்க உருண்டன.

"இன்னா மேஸ்திரி, இது இன்னான்னு பாரு. பூ பூக்குது, பிஞ்சு தெரியுது, மூணாம் நாளு வெம்பி வுழுந்துடுது. ஒரு கொடில ஒரு காய் நிக்கல."

"அதுக்கு இன்னாம்மா என்கிட்ட வந்த? அக்ரி ஆபீசுக்குப் போ."

"நீதான மருந்தடிக்கிற? உன் மருந்து வந்த பிற்பாடு எங்க கரைல ஒரு தேனீ இல்ல, ஒரு வண்டு இல்ல. ஆம்பளப் பூவு மகரந்தத்த பொம்பளப் பூவுக்கு யாரு கொண்டாருவா? நீ கொண்டாருவியா?"

அறையில் இரண்டு பேர் சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை. ஒரு பிஞ்சை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தார். உள்ளே விதை பிடித்திருக்கவில்லை.

மறுநாள் அவர் அலுவலகத்துக்குப் பத்து மணிக்குத்தான் வந்தார். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. அந்த வாரம் மருந்தடிப்பை நிறுத்திவிட்டு, விடியற்காலையில் ருக்குமணி அம்மாளின் கொல்லையில் போய் உட்கார்ந்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. பரங்கிப் பூ விடியும்போது விரிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருங்கிவிடும். விரிந்திருக்கும் அந்தச் சில மணி நேரத்தில் யார் வந்துபோகிறார்கள் என்று பார்த்திருக்கிறார். பிறகு சைக்கிளில் இரண்டு ஊர் தள்ளி, எங்கள் பணியாளர்கள் போகாத ஒரு பக்கத்திலும் போய்ப் பார்த்திருக்கிறார்.

"அங்க பூவுக்குள்ள வெரல வைக்க முடியலம்மா, அவ்ளோ ஈ" என்று என்னிடம் சொன்னார். "இங்க காலைலேர்ந்து குந்தியிருந்தேன். ஒரே ஒரு கருவண்டு வந்துது. அதுவும் போற வழில போவுது."

கிளம்பும்போது, "நான்தாம்மா பண்ணிட்டேன்" என்றார்.

அடுத்து அவர் செய்தது அலுவலகத்தில் நெடுநாள் கேலியாகப் பேசப்பட்டது. நான்கு பணியாளர்களையும் காலையில் அந்தக் கரைக்கு அழைத்துப்போய், ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத் தண்டைப் பெண் பூவுக்குள் தொட்டுத் தொட்டு எடுக்கச் சொன்னார். அவரும் செய்தார். ருக்குமணி அம்மாளின் கொல்லை மட்டுமல்ல, கரையோரத்தில் கொடி போட்டிருந்த அத்தனை பேருடையதும்.

"மருந்தடிக்க வந்தமா, பூவுக்குக் கல்யாணம் பண்ண வந்தமா மேஸ்திரி?" என்று வீராசாமி கேட்டாராம்.

"ரெண்டும்தான்டா. மொத வேலையத் தப்பாப் பண்ணா ரெண்டாவது வேல வரும்."

அந்தப் பருவத்தில் பாதிக் காய்கூடத் தேறவில்லை. ஆனால் கொஞ்சம் தேறியது.

பிறகு ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்தார். வேலிகளிலும் கரைகளிலும் மருந்தடிக்கச் சொன்னது தம்முடைய முடிவு என்றும், அதனால் பூச்சிகள் அழிந்து காய்ப்பு கெட்டது என்றும், அது தம் தவறு என்றும் அதில் இருந்தது. நான் தட்டச்சு இயந்திரத்தில் தாளைச் செருகிவிட்டு நிறுத்தினேன்.

"மேஸ்திரி, 'என் தவறு'ங்கறத எடுத்துடலாமா? 'காய்ப்பு பாதிக்கப்பட்டதாகத் தெரிகிறது'ன்னு போட்டாலே போதும்."

"யாரு பண்ணதுன்னு போடாம எப்பிடிம்மா? தானா நடந்த மாதிரி இருக்கும். அப்பிடியே அடிங்க."

அப்படியே அடித்தேன். ஆணையர் அவரை உள்ளே கூப்பிட்டு வெகுநேரம் சத்தம் போட்டார். எழுத்தில் கொடுத்ததுதான் குற்றம், வாயால் சொல்லியிருந்தால் போயிருக்கும் என்பது அந்தச் சத்தத்தின் சாரம். கடைசியில், மருந்தை மாலையில் மட்டும் அடிப்பது என்று முடிவானது. மேஸ்திரி அந்தச் செய்தியோடு கரைக்குப் போனார். ருக்குமணி அம்மாள் தலையில் அடித்துக்கொண்டாராம்.

"பரங்கி காலைல பூக்கும், சரி. பீர்க்கு சாயங்காலந்தான பூக்கும்! அத யாரு பாக்கறது?"

அதோடு மேஸ்திரி தாமாகவே செடிகொடிகள் பக்கம் பம்பை அனுப்புவதை நிறுத்தினார். சுவரும் சாக்கடையும் மட்டும். அவரிடம் இருந்த அதே வெறி வேறு பக்கம் திரும்பியது. வாய்க்கால் கரையில் தும்பையும் கரிசாலையும் பூத்து முடிகிறவரை வெட்டக்கூடாது என்று புல்வெட்டும் ஆட்களிடம் சொல்லிவைத்தார். சாலையோரத்தில் புங்கங்கன்றும் நாவற்கன்றும் நட்டார். அதில் பாதி ஆட்டுக்குப் போனது. அலுவலகத்துக்குப் பின்னால் பட்டுப்போய் நின்ற பூவரச மரத்தை வெட்ட வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். அதைத் துளைத்துக்கொண்டு கருவண்டுகள் குடியிருந்தன. பதிவறைச் சுவரின் விரிசலில் கொசுத்தேனீக் கூடு ஒன்று இருந்தது. கொட்டத் தெரியாத, கொசு அளவே ஆன தேனீ. வெள்ளையடிக்க வந்தவர் அதைச் சுண்ணாம்பு வைத்து அடைக்கப் போனபோது, "அது மட்டும் கெடக்கட்டும்" என்றார். கொசு மேஸ்திரி கொசுத்தேனீயை வளர்க்கிறார் என்று அதற்கும் ஒரு கேலி.

அந்த ஐப்பசியில் மழை கூடுதல். ஒரு தெருவில் குழந்தைகளுக்குக் காய்ச்சல் கண்டது. முதலில் இரண்டு, பிறகு ஐந்தாறு. ஒரு காலையில் தகப்பன்மார் பத்துப் பேர் அலுவலகத்துக்குள் வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவரின் மகன் மூன்று நாளாகக் கண் திறக்கவில்லை.

"பூச்சியக் காப்பாத்தறதுக்கு எம் புள்ளயச் சாவடிப்பியாடா நீ?"

அவர் மேஸ்திரியின் சட்டையைப் பிடித்தார். மேல் பொத்தான் தெறித்து விழுந்தது. மேஸ்திரி கையைத் தட்டிவிடவில்லை.

"என் பொண்ணும் இந்தக் காய்ச்சல்லதான் போனாப்பா" என்றார். "மூணு வயசு. எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கறியா? புள்ளய ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போ. கொசு எங்கேர்ந்து வருதுன்னு நான் பாக்கறேன்."

தம் வாயால் அவர் மகளைப் பற்றிச் சொன்னது அந்த ஒரு முறைதான்.

அன்றும் மறுநாளும் மழையில் நனைந்துகொண்டே அவரும் நான்கு பணியாளர்களும் அந்தத் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். மூன்றாம் நாள், ஒரு பூட்டிய வீட்டின் கொல்லையில், யாரும் புழங்காத கிணறு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். நீர்மட்டம் மேலேறி, புழு நெளிந்துகொண்டிருந்தது. கிணற்றுக்கு மருந்து போட்டார்கள். மருந்தின் வேகம் தணிந்த பிறகு ஏரியிலிருந்து சிறு மீன்களைக் குடத்தில் கொண்டுவந்து விட்டார்கள். அடைபட்ட சாக்கடையை மேஸ்திரியே இறங்கித் தூர்வாரினார். காய்ச்சல் மெல்ல அடங்கியது. அந்தப் பையனும் பிழைத்துக்கொண்டான்.

ஆனாலும் அவர்மீது நடவடிக்கை வந்தது. அடுத்த மாதமே பூரணாங்குப்பம் பக்கத்தில் ஒரு பண்டகசாலைப் பொறுப்புக்கு மாற்றினார்கள். கிடைக்கவேண்டிய பதவி உயர்வு அந்தக் கடிதத்தால் நின்றது. அதைத் தட்டச்சு செய்தவள் என்பதால் எனக்குள் ஓர் உறுத்தல் இருந்தது. விடைபெற வந்தவரிடம் அதைச் சொன்னேன்.

"நீங்க அடிக்கலன்னா கையால எழுதிக் குடுத்திருப்பேன். எழுத்து கோணலா இருந்திருக்கும், அவ்ளோதான்" என்றார்.

புதிதாக வந்த மேஸ்திரிக்குப் பழைய கதை தெரியாது. கோடையில் மறுபடியும் கரையோரத்துக்குப் பம்போடு ஆட்களை அனுப்பினார். ருக்குமணி அம்மாளும் இன்னும் சில பெண்களும் வரப்பில் வரிசையாக நின்றுகொண்டார்கள். சண்டை போடவில்லை. நகரவும் இல்லை. ஆட்கள் திரும்பிவிட்டார்கள். அடுத்த ஆண்டு அனுப்பவே இல்லை. அந்தக் கரையில் இன்றுவரை மருந்து அடிப்பதில்லை. அதற்கு அலுவலகத்தில் எந்த உத்தரவும் கிடையாது.

இந்தச் செய்தியை ஒரு முறை பூரணாங்குப்பத்தில் அவரைப் பார்த்தபோது சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். "கொசு எப்பிடி இருக்குது?" என்று மட்டும் கேட்டார். குறைந்திருக்கிறது என்றேன். அது உண்மைதான்.

அடக்கம் புதன்கிழமை பண்டசோழநல்லூரில் நடந்தது. கூட்டம் பெரிதில்லை. அலுவலகத்திலிருந்து மாலை வந்தது, ஆணையர் வரவில்லை. இப்போது இருப்பவர் வேறு ஆணையர். மேஸ்திரியின் மனைவி அழுது ஓய்ந்து, வந்தவர்களுக்கு மோர் கிடைத்ததா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். ருக்குமணி அம்மாள் இரண்டு பேருந்து மாறி வந்திருந்தார். வீட்டுக்குள் வராமல் வெளியே நின்றவர், கல்லறைக்கு எங்கள் பின்னாலேயே நடந்து வந்தார்.

பங்குச் சாமியார் செபத்தை முடித்ததும் உறவினர்கள் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். எல்லோரும் போட்டு முடிக்கும்வரை ருக்குமணி அம்மாள் காத்திருந்தார். பிறகு முன்னால் வந்து, குனிந்து, ஒரு மண்கட்டியை எடுத்தார். அதை அப்படியே போடவில்லை. பெட்டியின்மேல் சத்தம் கேட்டுவிடக் கூடாது என்பதைப் போல, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பொடியாக்கித் தூவினார்.

"போய் வா மேஸ்திரி" என்றார்.

எனக்கும் அதற்குமேல் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. போய் வாருங்கள் மேஸ்திரி.