ருசி பார்க்காத சமையல்காரர்

திருப்பதியில் பிரெஞ்சு ஓட்டலா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ரேணிகுண்டா போகிற சாலையில் அது இருக்கிறது, நான் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். முட்டைகூடச் சேர்க்காத சுத்த சைவம். பெயர்ப் பலகையில் பிரெஞ்சில் ஏதோ எழுதியிருக்கும். அதை யாரும் வாசித்து நான் பார்த்ததில்லை. என் பெயர் தமிழ்செல்வன், நகரியிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவன். வருகிறவர்களை உட்கார வைப்பதும், சாப்பிட்டுப் போனவர்கள் இணையத்தில் எழுதும் அபிப்பிராயங்களுக்குப் பதில் போடுவதும் என் வேலை.

அந்த அபிப்பிராயங்கள் இருக்கின்றனவே! ‘தரிசனம் முடித்துப் பசியோடு வந்தால் சாம்பார் இல்லை என்கிறார்கள்’ என்று ஒரு நட்சத்திரம். ‘ரொட்டியைக் கடித்ததில் பல் ஆடுகிறது’ என்று இரண்டு. ‘எல்லாம் பிரமாதம், ஊறுகாய் கேட்டால் முறைக்கிறார்கள்’ என்று மூன்று. முறைத்தது நான்தான். சூப்புக்கு ஊறுகாய் கேட்டால் வேறென்ன செய்வது? ஆனால் இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை. சித்தூர் சாலையில் புத்தலப்பட்டுக்குப் பக்கத்தில் இன்னொருவரும் இதேபோல் பிரெஞ்சு உணவகம் வைத்தார். வயிற்றைக் கலக்கியது என்று நாலு பேர் வரிசையாக எழுதினார்கள். எட்டாவது மாதம் இழுத்து மூடிவிட்டார்.

தினமும் காலையில் இவற்றை நான் உரக்கப் படிப்பேன், யதிராஜ் சாமி கேட்பார். அவர்தான் எங்கள் சமையல்காரர். திருமண் இட்டுக்கொண்டு, வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, பிரெஞ்சுச் சமையல் செய்கிறவர். அண்ணன் கோயில் கைங்கர்யத்தில் இருக்க, இவர் மட்டும் புதுச்சேரிக்குப் போய் ஒரு பெரிய ஓட்டலில் பதினாறு வருடம் இருந்தார். கொரோனா காலத்தில் அந்த ஓட்டல் மூடியதும் ஊருக்கே திரும்பிவிட்டார். எங்கள் முதலாளி கோவர்த்தனன், பங்காருபாளையத்து மாம்பழ வியாபாரி. ஓட்டல் திறந்த முதல் நாள் அவர் ஒரு கரண்டி சூப்பை எடுத்து சாமியிடம் நீட்டியிருக்கிறார். சாமி ஒரு அடி பின்னால் நகர்ந்து, “எங்காத்துல ருசி பார்த்துச் சமைக்கற வழக்கமில்லை. பெருமாளுக்கு அமுது கண்டருளப் பண்ணாம வாயில வைக்கமாட்டோம்” என்றாராம்.

வியாபாரிக்கு அது போதாதா? மறுவாரமே கூடத்தில் ஒரு பலகை ஏறிவிட்டது. ‘எங்கள் சமையல்காரர் சமைக்கும்போது ருசி பார்ப்பதில்லை, முதல் பாகம் பெருமாளுக்கே.’ அதைப் படம் பிடித்துப் போட்டே பாதிப் பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்தார்கள். கிளிப்பிள்ளை மாதிரி எல்லோரும் ‘தெய்வீகம்’ என்றே எழுதினார்கள். பிரெஞ்சுக்காரன் படித்தால் தலை சுற்றி விழுந்திருப்பான்.

எனக்கு ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. மற்ற சமையல்காரர்கள் எத்தனை நட்சத்திரம் என்று கேட்பார்கள். சாமி அதைக் கேட்டதே இல்லை. “உப்பைப் பத்தி யாராவது எழுதியிருக்காளா தமிழ்? புளிப்புன்னு ஏதாவது? கருகல்னு?” என்றுதான் கேட்பார். நான் இல்லை என்று சொல்லும்வரை கோட்டின் நுனியைக் கசக்கிக்கொண்டே நிற்பார். எல்லாவற்றையும் தராசில் நிறுத்துத்தான் போடுவார், ஒரு சிட்டிகை உப்பைக்கூட. ஆசாரம் பார்க்கிறவர், அளவு சுத்தமும் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். என் மரமண்டைக்கு அதற்கு மேல் எட்டவில்லை.

போன ஆனி மாதம் சுலோச்சனா என்ற பெண்மணி எழுதியிருந்தார். வழக்கம்போல் உரக்கப் படித்தேன். ‘பரங்கிக்காய் சூப்பில் ஊற்றிய கிரீம் கெட்டுப்போயிருந்தது. வாடை அடிக்கிறது என்று நான் ஒதுக்கிவிட்டேன். வீணாக்கக் கூடாது என்று என் மாமியார் குடித்துவிட்டார். இரண்டு நாளாக ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏறுகிறது. சமைத்தவருக்கு மூக்கு இல்லையா?’

சாமி மைதா மூட்டையின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“இன்னா சாமி, ஒடம்புக்கு இன்னா?” என்றேன்.

“அந்த அம்மா கேட்டது சரிதான்” என்றார். “எனக்கு மூக்கு இல்லை. நாக்கும் இல்லை. கொரோனால போனது, திரும்பி வரவே இல்லை. நாலு வருஷமாச்சு.”

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு அவரே விவரமாகச் சொன்னார். புதுச்சேரியில் எல்லோரையும்போல் ருசி பார்த்துத்தான் சமைத்திருக்கிறார். முதலாளி கரண்டியை நீட்டிய அன்று, ருசி தெரியாது என்று சொன்னால் வேலை போய்விடுமே என்ற பயத்தில் வீட்டு வழக்கம் வாயில் வந்துவிட்டது. வேறு எவனாவது சமைக்கும்போது ருசி பார்க்கவில்லை என்றால் இந்த ஊரில் சந்தேகப்படுவார்கள். திருமண் இட்டவர் என்றால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். நானும் கும்பிட்டவன்தான்.

“ராத்திரி படுத்தா தூக்கம் வரலை தமிழ். எவாளுக்கு என்ன ஆகுமோன்னு நெஞ்சு அடிச்சுக்கறது. எம்பயத்துக்குப் பெருமாள் பேரை இழுத்துட்டேன் பாரு, அது அதைவிடப் பயமா இருக்கு” என்றார்.

இரண்டு பேருமாகப் போய் முதலாளியிடம் சொன்னோம். பாவி மனிதர், ஒரு நிமிடம் மோட்டுவளையைப் பார்த்தார். “பர்வாலேது, பரவால்ல. வெளிய மூச்சு உடாதீங்க. பால், கிரீம் எல்லாம் இனிமே தமிழ் மோந்து பாக்கட்டும். பலகை அப்படியே இருக்கட்டும்” என்றார். சுலோச்சனா அம்மாவுக்கு வருத்தம் தெரிவித்து நானே பதில் எழுதினேன். பால் வண்டிக்காரன் மேல் பழியைப் போட்டு எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவருடைய மாமியார் பிழைத்து வீடு திரும்பியது எங்கள் நல்ல காலம்.

அன்றுமுதல் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. ரயிலில் வந்துகொண்டிருக்கும்போதே மூக்கு வேலை செய்கிறதா என்று பக்கத்து ஆளின் பூக்கூடையை மோந்து பார்ப்பேன். ஓட்டலுக்குள் நுழைந்ததும் ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்து மோந்தால்தான் சாமி அடுப்பைப் பற்றவைப்பார். நான் தலையாட்டும்வரை அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குத் தாங்காது. காய் நறுக்கும் கல்பனாவுக்கு எதுவும் தெரியாது. “ரெண்டு பேரும் இன்னாத்த மோந்துகினே கீறீங்க?” என்று கேலி செய்வாள்.

ஆவணியில் எனக்கு ஜலதோஷம் பிடித்தது. மூக்கு சுத்தமாக அடைத்துக்கொண்டது. அன்று பார்த்து காலையிலிருந்தே மின்சாரம் இல்லை, ஜெனரேட்டரும் மக்கர் செய்தது. குளிர்பெட்டி நாலு மணி நேரம் அணைந்து கிடந்தது. கல்பனா லீவு. பகல் ஒரு மணிக்கு ஒரு ஜோடி வந்தது. பஞ்சகச்சம் கட்டிய இளைஞர் ஸ்ரீகிருஷ்ணா, அவர் மனைவி மைத்ரேயி, ஏழு மாதக் கர்ப்பிணி. கோயில் சந்நிதி வீதிக் குடும்பம் என்று பார்த்தாலே தெரிந்தது.

“எங்க மாமியார் வெளியில சாப்பிடவே விடமாட்டா” என்று அந்தப் பெண் சிரித்தாள். “இங்க ருசி பார்க்காமப் பண்றார்னு இந்தப் பலகையைப் படம் எடுத்துக் காட்டினப்புறந்தான் ஒத்துண்டா. பரங்கிக்காய் சூப் கொண்டு வாங்கோ. அதை நெனச்சுண்டேதான் வந்தேன்.”

உள்ளே ஓடிச் சொன்னேன். சாமி கிரீமை ஒரு கோப்பையில் ஊற்றி வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். திரியவில்லை. கெட்டுப்போனது எல்லாமே திரிந்துதான் இருக்கவேண்டும் என்பதில்லையே! சுலோச்சனா அம்மா வந்த அன்றைக்கும் கிரீம் திரிந்திருக்கவில்லை. நான் மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. முதலாளிக்குப் போன் போட்டேன். மண்டியில் ஏலச் சத்தத்துக்கு நடுவே, “கண்ணுக்கு நல்லாருந்தா போட்டுக் குடுங்கய்யா, கோயில்காரங்க எழுதினா நமக்குப் பேரு” என்று கத்திவிட்டு வைத்துவிட்டார்.

“சூப் இல்லேன்னு சொல்லிடறேன் சாமி” என்றேன். “கரண்ட் இல்லேன்னா நம்பிடுவாங்க.”

சாமி கோப்பையைக் கீழே வைக்கவில்லை. “இன்னிக்கு சூப் இல்லைன்னு சொல்லுவே. நாளைக்கு என்ன இல்லைன்னு சொல்லுவே? அந்தப் பொண்ணு வயத்துல ஒரு சிசு இருக்கு. நம்பி வந்திருக்கா.”

கோப்பையோடு கூடத்துக்கு நடந்தார். வேண்டாம் சாமி, வேண்டாம் சாமி என்று நான் பின்னாலேயே போனேன். இன்னும் மூன்று மேசைகளில் ஆட்கள் இருந்தார்கள். அத்தனை பேர் கையிலும் போன். அவர் மைத்ரேயியின் முன்னால் போய் நின்று கோப்பையை நீட்டினார்.

“அம்மா, இதைக் கொஞ்சம் மோந்து பார்த்துச் சொல்லுங்கோ. கெட்டுப் போயிருக்கா?”

அவள் விழித்தாள். பிறகு வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள். அந்த இடைவெளியில் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

“நன்னாத்தானே இருக்கு” என்றாள். “இதை ஏன் எங்கிட்ட கேக்கறேள்? உங்களுக்கே தெரியாதா?”

நாலு வருடமாக யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று அவர் நடுங்கிக்கொண்டிருந்த கேள்வி அதுதான். இப்போதும் தப்பித்திருக்கலாம். கிரீம் நன்றாக இருக்கிறது, சிரித்து மழுப்பிவிட்டு உள்ளே வந்திருக்கலாம்.

“தெரியாதும்மா” என்றார். “எனக்கு வாசனையும் தெரியாது, ருசியும் தெரியாது. ஆசாரத்துக்காக நான் ருசி பார்க்காம இல்லை. பார்த்தாலும் தெரியாது. ஒரு மாமி இங்க சாப்பிட்டு ஆஸ்பத்திரில கிடந்தா.”

ஸ்ரீகிருஷ்ணா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். கோபத்தில் அவர் குரல் பிசிறியது. “அப்போ பெருமாள் பேரைச் சொன்னது?”

“பயத்துல சொன்னேன், ஸ்வாமி” என்றார் சாமி. “வேற ஒண்ணுமில்லை. பயத்துல சொன்னேன்.”

அவர்கள் சாப்பிடாமலே போனார்கள். மற்ற மேசைக்காரர்கள் படம் எடுக்கப் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். சாமி நகரவில்லை, கைகூப்பியபடி அவர்கள் எடுத்து முடிக்கும்வரை நின்றார்.